புரட்டாசி பதினேழு

இதை எழுதலாமா கூடாதா என்று மூன்று வருடம் தயங்கினேன். கோடு போட்ட நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, இரண்டு வரி எழுதி மூடி வைத்துவிடுவேன். பிள்ளைகள் அதில் கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுவார்கள். அப்புறம் வேறு நோட்டு. நான் படித்தது பத்தாவது. அதற்கு மேல் ஒயர்மேன் வேலைக்காக ஐ.டி.ஐ. எழுதிப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டது சாக்குதான். அதே கம்பெனியில்தான் இன்றைக்கும் சம்பளம் வாங்குகிறேன், அதுதான் உண்மையான காரணம். பெருமாள் பேரைச் சொல்லிப் பெரிய மனுஷன் ஆகப் பார்க்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சமும் இருந்தது. சொல்லட்டும். கூச்சம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற வழியில், கார் கம்பெனிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. பன்னிரண்டு பிரஸ். ஒவ்வொன்றிலும் இரும்புத் தட்டை ஹீட்டர் போட்டுச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ரப்பரை வைத்து அழுத்த வேண்டும். நான் அங்கே எலக்ட்ரீசியன். பேனல் ரூம் என் பொறுப்பு.

கரண்ட் பில் என்றால் வீட்டில் நமக்கு யூனிட் கணக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனிக்கு இரண்டு கணக்கு. கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை இலை விழுந்தது என்பது ஒரு கணக்கு, அது யூனிட். ஒரே பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது இன்னொரு கணக்கு, அதற்குப் பெயர் டிமாண்ட். ஒரே நேரத்தில் இவ்வளவுக்கு மேல் இழுக்கமாட்டோம் என்று மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்கள், அந்த அளவுக்குப் பெயர் சேங்ஷன். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அந்த அளவுக்கு ஏற்ற கட்டணம் உண்டு. தாண்டி இழுத்தால், அது ஒரே ஒரு கால் மணி நேரமாக இருந்தாலும், அந்த மாதமே தாண்டியதாக எடுத்துக்கொண்டு அபராதம் போடுவார்கள்.

லீவு விட்டு வந்த காலையில் பன்னிரண்டு பிரஸ்ஸும் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று கிடக்கும். எல்லா ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் ஒரே பந்தியில் ஊரே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அதனால் நான் மூன்று பந்தி வைப்பேன். ஆறு மணிக்கு நான்கு பிரஸ், அரை மணி விட்டு நான்கு, இன்னொரு அரை மணி விட்டு நான்கு. எட்டு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது எல்லாம் சூடாக இருக்கும். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பில்லைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது. பந்தி என்ற பேரும் கம்பெனிக்குள் நிலைத்துவிட்டது. ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு அக்கா வேலை செய்கிறார், சேரப்பணஞ்சேரிக்காரர். சீக்கிரம் சூடாகிற சின்ன பிரஸ் அது, அதனால் கடைசிப் பந்தி. திங்கட்கிழமை தவறாமல் கேட்பார்.

"இன்னாபா, எப்பப் பார்த்தாலும் எங்க பிரஸ்ஸு கடைசிப் பந்தி. வட பாயசம்லாம் ஒன்னாம் நம்பருக்கு, எங்களுக்கு ரசமும் மோருமா?"

"கடைசிப் பந்தியிலதான்க்கா கல்யாண வூட்டுக்காரங்களே உக்காருவாங்க."

"ஆமா, உக்காந்து காலிப் பாத்திரத்தப் பாத்துகினு இருப்பாங்க."

பேனல் ரூம் வாசலில் பெருமாள் படம் ஒன்று மாட்டியிருந்தேன். உள்ளே நெருப்பு ஆகாது என்பதால் ஊதுபத்தி வாசலோடு சரி. தினமும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதுவேன். அன்றைக்கு ஏதாவது விசேஷமாக நடந்தால் அதையும் ஒரு வரி சேர்ப்பேன். எந்த மேனேஜரும் கேட்டு எழுதியதில்லை. படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்துத்தான் தேதி போடுவேன், அதுவும் தமிழ்த் தேதி. நான் கிழமையும் விரதமும் பார்த்து வாழ்கிறவன், எனக்கு நாள் என்றால் அதுதான். பக்கத்தின் தலையில் மாதத்தின் பேரை ஒரு தடவை எழுதுவேன், கீழே வெறும் எண்கள்தான். இப்படி எழுதியதால் எத்தனையோ வருடம் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில், கரண்ட் செலவைக் குறைத்துத் தருகிறோம் என்று வெளியூர் கம்பெனி ஒன்று வந்தது. அவர்களுடைய என்ஜினீயர் நல்ல மாதிரிதான், எல்லோரையும் ப்ரதர் என்று கூப்பிடுவார். பழைய பில்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எங்கள் மேனேஜரிடம் சொன்னார்.

"உங்க டிமாண்ட் ஒரு மாசம்கூட சேங்ஷன் கிட்ட வரல சார். சும்மா கட்டிட்டிருக்கீங்க. சேங்ஷனைக் குறைச்சுடலாம், மிச்சம் ஆகறதுல எங்களுக்கு ஒரு ஷேர்."

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பில் எடுத்துக் கொடுக்க. நான் சும்மா இருக்கவில்லை.

"சார், அது தானா கம்மியா இல்ல. பந்தி வெச்சு ஏத்தறதால கம்மியா கீது. எடம் காலியா கீதேன்னு பந்தலைப் பிரிச்சுட்டீங்கன்னா, ஒரு நாளு எல்லாம் ஒண்ணா வந்து நின்னா எங்க சார் உக்கார வெப்பீங்க?"

என்ஜினீயர் விழித்தார். மேனேஜர் சிரித்தார். "அது இவரு சமையல் கணக்கு. நீங்க மேல சொல்லுங்க."

ஒப்பந்தம் போட்டார்கள், சேங்ஷனையும் குறைத்தார்கள். வழக்கமான உற்பத்தியில் அளவு தாண்டி அபராதம் வந்தால் அந்த வெளியூர் கம்பெனி கட்டும். எங்கள் கம்பெனி தானாக ஏதாவது ஸ்பெஷல் ஈவென்ட் நடத்தி அதனால் தாண்டினால் எங்கள் தலையில். இதைத் தமிழில் சொல்லும்போது மேனேஜர் 'விசேஷம்' என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்தான் பிறகு பூஜையின் தலையில் போய் உட்கார்ந்தது.

ஆயுத பூஜை அந்த வருடம் இங்கிலீஷில் அக்டோபர் நாலாம் தேதி, தமிழில் புரட்டாசி பதினேழு. முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவித் துடைத்து, பிரஸ்ஸுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பேனல் ரூம் வாசல் பெருமாளுக்கும் மிஷின்களுக்கும் கற்பூரம் காட்டி முடிந்ததும் அவரவர் பிரஸ் முன்னால் நின்று, ஒரே நேரத்தில் எல்லோரும் பச்சைப் பொத்தானை அழுத்துவார்கள். பன்னிரண்டு மோட்டாரும் ஒன்றாக எழும்பும் அந்தச் சத்தம் எனக்கு மேளச் சத்தம் மாதிரி. ஐந்து நிமிடம் வெறுமனே ஓடும், பிறகு நிறுத்திவிடுவோம். பந்தலைச் சுருக்கியது தெரிந்தவன் நான், எனக்கு முன்ஜாக்கிரதை இருந்தது. ஹீட்டர் சுவிட்ச் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டியிருந்தேன். வெறும் மோட்டார், சுமையில்லாமல், ஐந்து நிமிடம். முடிந்த கையோடு மீட்டரைப் போய்ப் பார்த்தேன். அளவில் பாதிகூட இல்லை. சாமி காரியத்தில் எதற்கு நம்பர் என்று அதை நோட்டில் எழுதாமல் விட்டேன். முட்டாள்தனம். எழுதியது இவ்வளவுதான்: "17. ஆயுத பூஜை. எல்லா மிஷினும் ஒன்றாகப் போட்டோம்."

அதற்குப் பிறகு இங்கிலீஷ் பதினேழு வந்தது. திங்கட்கிழமை, தமிழில் புரட்டாசி முப்பது, மாதத்தின் கடைசி நாள். அடுத்த வாரம் தீபாவளி. தீபாவளிக்கு முன்னால் சரக்கு போக வேண்டும் என்று ஷிஃப்டை ஏழு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையே எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் வழக்கம்போல ஆறு மணிக்குப் போனேன். மேனேஜர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"இன்னாய்யா இப்பதான் வர. ஏழு மணிக்கு பீஸ் எடுக்கணும். எல்லா ஹீட்டரையும் போடு."

"மூணு பந்தியா வெச்சாத்தான் சார் தாங்கும். எட்டு மணி ஆயிடும்."

"பந்தியும் வேணாம் பாயசமும் வேணாம். போடு."

"அளவு தாண்டிடும் சார். இப்பதான் சேங்ஷனக் கொறச்சுக்கீறோம்."

"தாண்டுனா நான் பாத்துக்கறேன். நீ போடு."

நான் போட்டேன். என் கைதான் போட்டது. ஒன்றாம் நம்பரிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே போனேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தீபாவளி போனஸ் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். நோட்டில் மட்டும் எழுதினேன்: "30. காலை ஆறு மணி. மேனேஜர் சொல்லி பன்னிரண்டு பிரஸ்ஸும் ஒரே நேரம் ஏற்றினேன்."

பில் வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி வாசலில் கணுக்கால் தண்ணீர். மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வெளியூர் என்ஜினீயரும் உட்கார்ந்திருந்தார். மேஜையில் டைப் அடித்த ஒரு தாள், பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

"இது இன்னா சார்?"

"ஒண்ணும் இல்ல, ஃபார்மாலிட்டி. நடந்ததுதான் எழுதிக்கீது. கையெழுத்துப் போடு."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதினேழாம் தேதி ஆயுத பூஜையை முன்னிட்டு எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் நானே என் விருப்பப்படி இயக்கினேன், அதனால்தான் டிமாண்ட் அளவு தாண்டியது என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், பூஜ நாலாம் தேதி சார். பதினேழு தமிழ்த் தேதி."

என்ஜினீயர் தன் போனை எடுத்துக் காட்டினார். என் நோட்டின் பக்கத்தை ஒரு நாள் போட்டோ எடுத்துப் போயிருக்கிறார். அதில் பக்கத்தின் தலை வெட்டுப்பட்டிருந்தது. 'புரட்டாசி' என்று எழுதியது படத்துக்கு வெளியே போய்விட்டது. வெறும் பதினேழும் ஆயுத பூஜையும்தான் உள்ளே இருந்தன. மின்வாரியத்து மீட்டர் விவரத்திலும் அதிகபட்ச டிமாண்ட் வந்த தேதி பதினேழு என்று இருக்கிறது. இரண்டையும் ஒட்டி, பூஜையை ஒப்பந்தத்தில் சொன்ன 'விசேஷம்' ஆக்கிவிட்டார். நான் போய் நோட்டையே எடுத்துவந்து பக்கத்தின் தலையைக் காட்டினேன். பாவம், அவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

"சாரி ப்ரதர். நான் இங்கிலீஷ் டேட்டுன்னே நினைச்சுட்டேன்." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆனா ரிப்போர்ட் எங்க ஹெட் ஆபீசுக்குப் போயிடுச்சே" என்றார்.

தெரியாமல் நடந்த தப்பு, திருத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் மேனேஜர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அடுத்தடுத்த வரிகளைப் பார்த்துக்கொண்டே போனார். முப்பதுக்கு வந்து நின்றார். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இந்த நோட்டு கம்பெனி ரெக்கார்டு கெடையாது, தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அப்ப அதுலேர்ந்து எப்டி சார் போட்டோ எடுத்து ரிப்போர்ட்டுல வெச்சீங்க?"

அவர் நோட்டை மூடினார். பிறகு குரலை இறக்கினார்.

"தோ பாரு. பூஜன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முதலாளியே சாமி விஷயம்னு வுட்டுடுவாரு. உன் சம்பளத்துல ஒரு ரூபா கை வெக்க மாட்டாங்க, நான் கியாரண்டி. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

"சாமி கோச்சுக்காது சார். நான் கோச்சுக்குவேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பேனாவுக்கு மூடி போட்டு மேஜையில் வைத்துவிட்டு, நோட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். அடுத்த வருடம் முதல் ஆயுத பூஜையன்று இயந்திரங்களை இயக்கக் கூடாது, பிரஸ்களில் பொட்டும் மாலையும் வைக்கக் கூடாது. டீ நேரத்தில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஏழாம் நம்பர் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாபா, நாங்க பொட்டு வெச்சதுக்கா கரண்டு ஏறிச்சு? எங்க குங்குமத்துல அவ்ளோ பவரா கீது? சொல்லு, வூட்ல கொஞ்சம் வெச்சா கரண்டு இல்லாமயே மிக்ஸி ஓட்டிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அக்கா அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த வழக்கம் அவர்களுடையது. வருடம் முழுக்க 'கம்பெனி மிஷினு' என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு, அந்த ஒரு நாள்தான் 'என் மிஷினு' என்று முன்னால் நிற்கக் கிடைக்கும். நான் கையெழுத்துப் போட்டால் அந்த நோட்டீஸ் நியாயம் ஆகிவிடும்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெரியவனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம், அவள் பயப்படுவாள், போட்டுத் தொலையேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது என்றால் பொய்யில்லை, அவள் சொன்னாள் என்று சாக்கு கிடைக்குமே. அவள் கழுநீரை வடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, பழிய ஏன் சாமி மேல போடறாங்க தெரியுமா?"

"ஏன்?"

"வேற யார் மேல போட்டாலும் அவன் எழுந்து வந்து, நான் இல்லன்னு சொல்வான். பெருமாளு வந்து சொல்லப் போறாரா? அவருக்கு யாரு கீறாங்க அங்க?"

அவள் அரிசியைப் பானையில் கொட்டினாள்.

"நீதான் கீற" என்றாள். அவள் என்னை நீ என்று சொல்வது எப்போதாவதுதான்.

அன்று உட்கார்ந்து நானே ஒரு தாள் எழுதினேன், வெள்ளைத் தாளில், என் தமிழில். பூஜை நடந்தது எந்தத் தேதி, எத்தனை மணி, என்னென்ன ஓடியது. டிமாண்ட் தாண்டியது எந்தத் தேதி, எத்தனை மணி, யார் சொல்லி, யார் கை போட்டது. கடைசியில், மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது என்று எழுதி இதற்குக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி மெட்ராஸிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். யாரும் கூப்பிடாமலே நான் அவர் ரூமுக்குள் போனேன். மேனேஜர் உள்ளே இருந்தார். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன், அவர்கள் டைப் அடித்ததையும் நான் எழுதியதையும்.

முதலாளி இரண்டையும் படித்தார். மேனேஜர் முந்திக்கொண்டார். "சார், இவரு தமிழ்த் தேதி போட்டு எழுதி வெச்சு எல்லாத்தையும் கொழப்பிட்டாரு. அந்த நோட்ட யாராலயும் படிக்க முடியாது."

"உங்க பின்னாடியே காலண்டர் கீது சார்" என்று முதலாளியிடம் சொன்னேன். "திருப்பிப் பாருங்க. ஆயுத பூஜ என்னிக்குன்னு செவப்பு எழுத்துல போட்டிருப்பான்."

பண்டிகை எந்தத் தேதியில் வந்தது என்று பண்டிகை போன பிறகு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் ஞாபகமில்லை. எழுந்து திருப்பிப் பார்த்தார். நாலாம் தேதி. மீட்டர் விவரத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பதினேழாம் தேதி, காலை ஆறே கால்.

"பூஜை எத்தன மணிக்கு நடந்தது?"

நான் சொன்னால் சரியாக இருக்காது என்று ஏழாம் நம்பர் அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பூஜையா? பதினோரு மணி ஆச்சு சார். ஐயரு ரெண்டு கம்பெனி முடிச்சுகினு வந்தாரு. அதுக்குள்ள பொரியெல்லாம் நமுத்துப் போச்சு. ஏன் சார், பொரிக்கும் பில்லு வந்துகீதா?"

முதலாளி சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. அக்கா போன பிறகு முதலாளி மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திங்கக்கெழம காலைல போடச் சொன்னது நீங்கதானா?" அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தீபாவளி சரக்கைப் பற்றிப் பேசினார்.

அந்த வாரமே நோட்டீஸை எடுத்துவிட்டார்கள். வெளியூர் கம்பெனியைக் கூப்பிட்டு முதலாளி பேசியிருக்கிறார். வழக்கமான உற்பத்தியில்தான் தாண்டியது என்று தெரிந்ததால் அபராதத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்கள். ரிப்போர்ட்டைத் திருத்தமாட்டோம், மற்ற கம்பெனிகளுக்குத் தெரிந்தால் எங்கள் பேர் கெட்டுவிடும் என்றார்கள். முதலாளி சரி என்றார். எனக்கு அது தெரிந்தபோது திரும்பவும் போய் நின்றேன்.

"சார், பூஜையாலதான்னு எழுதினது அப்டியே கீதே சார்."

"காசு வந்துடுச்சுப்பா. ஃபைல்ல எது எப்டி இருந்தா இன்னா? எவன் பாக்கப் போறான்?"

"எழுத்துல மாத்தணும் சார்."

"நீ கையெழுத்துப் போடலயே. அப்புறம் இன்னா உனக்கு?"

"நான் போடல சார். அவருக்காகப் பேசறேன்."

யார் அவர் என்று முதலாளி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையை வைத்துக் காசை வாங்கிக்கொண்டார்கள், உண்மையை எழுதமட்டும் மாட்டேன் என்கிறார்கள். இதைச் சொல்ல அப்போது எனக்கு வார்த்தை வரவில்லை, இப்போது வந்திருக்கிறது. அடுத்த மாதம் என்னைப் பேனல் ரூமிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுக்கிற வேலை. பெருமாள் படத்தைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தேன். அடுத்த ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு மோட்டாரும் ஒன்றாக எழும்பின. நான் ஸ்டோர் வாசலில் நின்று கேட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் சேங்ஷனைப் பழையபடி கேட்டு எழுதிப் போட்டார்கள் என்று கேள்வி. அதைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். எதிர் சீட்டில் இரண்டு பையன்கள், கழுத்தில் ஐடி கார்டு, ஏதோ டிரெயினிங் முடித்து வருகிறார்கள். ஒருவன் போனில் எதையோ காட்டி இன்னொருவனிடம் சொன்னான்.

"மச்சி, இந்த ஸ்லைடு செம காமெடிடா. ஒரகடத்துல ஒரு கம்பெனி. பூஜ போடறேன்னு ஒரு எலக்ட்ரீசியன் எல்லா மிஷினையும் ஆன் பண்ணிக்கிறாரு, டிமாண்டு பிச்சுகினு போயிடுச்சு. ஃபெஸ்டிவல் லோடுன்னு பேரே வெச்சிருக்காங்க பாரு."

எட்டிப் பார்த்தேன். மேலே அந்த வெளியூர் கம்பெனியின் பேர், கீழே என் நோட்டின் எழுத்து. தலை வெட்டின அதே படம்.

"தம்பி, அந்த எலக்ட்ரீசியன் நான்தான்" என்றேன்.

ஒருவன் என் நெற்றியைப் பார்த்தான், நாமம் இருந்தது. "சும்மா சொல்றீங்களாண்ணே?" என்றான். ஒரகடம் கூட்டு ரோடு வருவதற்குள் என்னால் முடிந்தவரை சொன்னேன். பந்தி, தமிழ்த் தேதி, திங்கட்கிழமை, எல்லாம். இறங்கும்போது அவன் கேட்டான், "அப்ப பூஜையால ஏறவே இல்லியாண்ணே?" ஏறவே இல்லை என்றேன். "எழுதி வைங்கண்ணே. ஸ்லைடு நூறு எடத்துல ஓடுது, நீங்க ஆட்டோவுல சொல்லிகினு இருந்தா எப்டி?"

அவன் சொன்னது சரி. அதனால் எழுதிவிட்டேன்.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது கொடுங்கள், படித்துக் காட்டுங்கள், போட்டோ எடுத்தும் அனுப்புங்கள், ஆனால் எழுதினது எழுதினபடி. என்னை நல்லவனாக்குவதற்காக அந்தத் திங்கட்கிழமையைச் சின்னதாக்காதீர்கள், பன்னிரண்டு சுவிட்சையும் போட்டது என் கைதான். மேனேஜரை ராட்சசனாக்காதீர்கள், அவருக்கும் வேலை போகிற பயம்தான். பெருமாள் வந்து ஏதோ அற்புதம் பண்ணினார் என்று யாரும் சேர்க்க வேண்டாம், அவர் ஒன்றும் பண்ணவில்லை, அவர் மேல் பழி போட்டார்கள், அவ்வளவுதான். தேதியை எழுதும்போது மாதத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இடம் போதவில்லை என்று எதையாவது வெட்ட வேண்டியிருந்தால், வெட்டி அனுப்பாதீர்கள். அனுப்பாமலே இருந்துவிடுங்கள்.